ஜெர்மனியில் குழந்தை பார்க்கும் வேலை: எந்த விசா, என்ன விதி?

கேள்வி: எனக்கு 23 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் மெஷின் ஓட்டுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய பிறகு எங்களுக்கு ஓவர்டைம் நின்றுவிட்டது. வீட்டுக்கு மூத்த பெண் நான். வாணியம்பாடிக்காரர் ஒருவர், ‘ஜெர்மனியில் ஓ பேர் என்று குழந்தை பார்க்கும் வேலை இருக்கிறது, மாதம் ஒன்றரை லட்சம் வரும், நான்கு லட்சம் கட்டினால் விசிட் விசாவில் அனுப்பி, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருகிறேன்’ என்கிறார். பிராங்க்பர்ட்டில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம்தான் கூப்பிடுகிறதாம். அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். போகலாமா மேடம்?
- வாசகி, ஆம்பூர்

பதில்: வளையலை அடகு வைக்க வேண்டாம் என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த ஆள் சொன்னதில் ஒன்றுதான் உண்மை. ஓ பேர் என்ற ஏற்பாடு ஜெர்மனியில் இருக்கிறது, உங்கள் வயதில் அதற்கு விண்ணப்பிக்கவும் முடியும். சம்பளம், விசா, குடும்பம் என்று அவர் சொன்ன மற்ற மூன்றும் தவறு.

சம்பளத்தை முதலில் பார்ப்போம். ஓ பேர் என்பது ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன வீட்டு வேலை செய்துகொண்டு, மொழி கற்கும் ஏற்பாடு. அங்கே கிடைப்பது கைச்செலவுப் பணம்: மாதம் 280 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 28,000 ரூபாய். தனி அறை, சாப்பாடு, மருத்துவம் மற்றும் விபத்துக் காப்பீடு எல்லாம் குடும்பத்தின் செலவு. மொழி வகுப்புக்கும் மாதம் 70 யூரோ அவர்களே தர வேண்டும். வேலை நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரம் ஒன்றரை நாள் விடுப்பு உண்டு. ஒரு வருடம் இருந்தால் நான்கு வாரம் சம்பளத்தோடு லீவும் உண்டு. இதில் மாதம் ஒன்றரை லட்சம் எங்கிருந்து வரும்? அங்கே போய் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்ற கணக்கில் கிளம்பினால், முதல் மாதமே மனம் உடைந்துபோகும்.

விசா விஷயத்தில்தான் பெரிய ஆபத்து. விசிட் விசா என்பது 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்க மட்டும். அதில் வேலை செய்தால் சட்ட விரோதம். இந்தியர்கள் விசிட் விசாவில் இறங்கி, அங்கேயே ஓ பேர் விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது. ஊரிலிருந்தே தேசிய விசாவுக்கு விண்ணப்பித்துப் போக வேண்டும். நமக்கு அந்த இடம் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். மாறிவிடும் என்று நம்பிப் போன பெண்ணுக்கு 91-வது நாள் கையில் எந்தத் தாளும் இருக்காது. அதன்பின் அந்த வீட்டில் என்ன நடந்தாலும் போலீசுக்குப் போகப் பயப்படுவாள். அந்தப் பயத்தை வைத்துத்தான் 30 மணி நேர வேலையை 70 மணி நேரமாக்குகிறார்கள். எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இதுதான்.

தமிழ்க் குடும்பம் என்று சொன்னது உங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஆனால் ஜெர்மன் விதி அதற்கு நேர் எதிர். வீட்டில் பேசும் மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும். அது அவர்களுக்குத் தாய்மொழி இல்லை என்றால், அந்தப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து ஓ பேர் வரக் கூடாது. உறவுக்காரர் வீட்டுக்கும் போக முடியாது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு ஓ பேர் கூப்பிடுகிறோம் என்கிற குடும்பத்துக்குத் தேவை சம்பளம் குறைந்த வேலைக்காரி. அதற்கு இந்த விசா கிடையாது.

சரி, முறையாகப் போவது எப்படி? வயது 18 நிறைந்து, விண்ணப்பிக்கும் நாளில் 27 ஆகாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. ‘இந்த மாதமே பணம் கட்டினால்தான் சீட்’ என்ற அவசரத்துக்கு இடமே இல்லை. ஜெர்மன் மொழியில் ஏ1 தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டும். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்லும் கோத்தே இன்ஸ்டிட்யூட் சான்றிதழ் இதற்குச் செல்லும். கம்பெனி பஸ்ஸில் காலையில் போய் இருட்டில் திரும்புகிறவருக்கு தினமும் சென்னை வகுப்பு நடக்காது. ஆன்லைனில் படித்துவிட்டு, தேர்வுக்கு மட்டும் சென்னை போகலாம். கையில் கைடு புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு பாஸாகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பேசும் தேர்வும் உண்டு, துணைத் தூதரக நேர்காணலிலும் ஜெர்மனில் கேள்வி கேட்பார்கள்.

அடுத்தது குடும்பம். 18 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் குடும்பத்தோடு நீங்களே வீடியோவில் பேசி, வேலை நேரம், அறை, விடுப்பு எல்லாம் எழுதிய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தம், ஏ1 சான்றிதழ், ஏன் போக விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் கடிதம், பாஸ்போர்ட், காப்பீட்டு உறுதி ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். விசா கட்டணம் 75 யூரோ. ஜெர்மனியில் உள்ள ஏஜென்சி வழியாகப் போனாலும், ஓ பேர் பெண்ணிடம் அவர்கள் வாங்கக் கூடியது அதிகபட்சம் 150 யூரோ. விமான டிக்கெட் பெரும்பாலும் உங்கள் செலவுதான். உங்களிடம் கேட்ட நான்கு லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பிறகு, விசா முடியும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தோடு ஒத்துவரவில்லை என்றால், அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்து வேறு குடும்பத்துக்கு மாறலாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் ‘பத்திரமாக’ வைக்கக் கொடுக்காதீர்கள். தொந்தரவு என்றால் 116 016 என்ற எண்ணில் பெண்களுக்கான இலவச உதவி பல மொழிகளில் கிடைக்கும். இந்தியத் தூதரகம் பெர்லினில் இருக்கிறது. பிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன.

ஓ பேர் அனுமதி அதிகபட்சம் ஒரு வருடம்தான், இரண்டாம் முறை கிடையாது. அப்படியானால் எதற்குப் போக வேண்டும் என்றால், மொழிக்காக. அந்த ஒரு வருடத்தில் பி1 அளவுக்கு வந்துவிட்டால், மூன்று வருட நர்சிங் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதில் பயிற்சிக் காலத்திலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் வரும். வேலூர்ப் பக்கத்திலிருந்து நர்ஸ்கள் வெளிநாடு போவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், இந்தப் பாதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. அந்தத் திட்டம் இருந்தால் போங்கள். குடும்பக் கடன் அடைக்கத்தான் என்றால் இது பொருந்தாது. ஏ1 பாஸ் ஆகும்வரை கம்பெனி வேலையை விடவும் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 42 வயது, எட்டாவது வரை படித்தவர். குவைத்தில் வீட்டு வேலை என்று ஏஜென்ட் ஒருவர் அழைக்கிறார். முதலில் துபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து குவைத் என்கிறார். இது சரியா?
- வாசகர், பேரணாம்பட்டு

பதில்: சரியில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ என்று இருக்கும். குவைத், சவுதி, எமிரேட்ஸ், ஓமன், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பெண் என்றால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும்; அம்மாவுக்கு அந்தத் தடை இல்லை. துபாய் வழி என்பது இந்த அனுமதியைத் தவிர்க்கச் செய்யும் தந்திரம். அனுமதி இல்லாமல் போனால், தூதரகம் சரிபார்த்த ஒப்பந்தமும் இருக்காது, பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் இருக்காது.

2016 ஆகஸ்ட் முதல், நர்ஸ்கள் தவிர மற்ற பெண்களை இசிஆர் பாஸ்போர்ட்டில் அனுப்ப, தனியார் ஏஜென்டுகளுக்கு உரிமை இல்லை. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. குவைத் முதலாளியே நேரடியாகக் கூப்பிட்டாலும், ‘இ-மைக்ரேட்’ இணையத்தில் பதிந்து, தூதரகம் ஒப்பந்தத்தைச் சரிபார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். வரும் விசா ‘20-ம் நம்பர்’ என்ற வீட்டு வேலை விசாவா என்று பாருங்கள். 2015-ன் குவைத் சட்டப்படி வீட்டு வேலையில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு.  இந்த விதிகளை மீறி எழுதிய ஒப்பந்தத்தில் அம்மா கையெழுத்துப் போடக் கூடாது.

பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது 1983 குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு இ-மைக்ரேட்டில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பணம் தராதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதோடும் வாட்ஸ்அப் செய்திகளோடும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சென்னைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அயலகத் தமிழர் நல ஆணையரகத்தின் கட்டணமில்லா எண் 1800 309 3793.

கேள்வி: அமெரிக்கா, பிரிட்டனிலும் ஓ பேர் போகலாமா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: அமெரிக்காவில் ஜே-1 விசா உண்டு. 18 முதல் 26 வயது, நல்ல ஆங்கிலம், அந்நாட்டு அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் இந்த மூன்றும் வேண்டும். வாரம் 45 மணி நேரம் வரை வேலை, குறைந்தபட்சம் 195.75 டாலர். பிரிட்டனில் ஓ பேர் விசா இல்லை. இந்தியர்களுக்கு ‘யங் புரொஃபஷனல்ஸ்’ என்ற இரண்டு வருடத் திட்டம் இருக்கிறது, அதற்கு டிகிரி வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும். நார்வே 2024 மார்ச்சில் ஓ பேர் திட்டத்தையே மூடிவிட்டது. அங்கே அனுப்புகிறேன் என்று யாராவது இப்போது பணம் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.