என்ஜினில் படியும் கரியும் அதைக் கரைக்கும் மருந்துகளும்

காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு மாலையில் எடுக்கப் போனால், பில்லில் "என்ஜின் டீகார்பனைசிங்" என்று ஒரு வரி இருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். என்னவென்று கேட்டால், "உள்ளே கரி பிடித்திருக்கிறது, மருந்து ஊற்றிச் சுத்தம் செய்தால் மைலேஜ் கூடும், பிக்கப் வரும்" என்பார்கள். சொந்தக் காரை மாதம் நான்கு முறை எடுப்பவருக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரருக்கு அந்த ஒரு வரி பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்கிற விஷயம். அது தேவையான செலவா, வீண் செலவா என்று நாமே முடிவு செய்ய வேண்டுமானால், கரி எங்கே படிகிறது, எதனால் படிகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, எரிபொருள் முழுமையாக எரியாமல் மிஞ்சும் கரி. இது பிஸ்டனின் தலையிலும், ஸ்பார்க் பிளக்கிலும், இன்ஜெக்டரின் முனையிலும் படியும். மற்றொன்று ஆயிலிலிருந்து வருவது. என்ஜின் ஓடும்போது அடிப்பகுதியில் ஆயில் ஆவி உண்டாகிறது. அதை வெளியே விட்டால் காற்று கெடும் என்பதால், ஒரு குழாய் வழியாக மறுபடியும் என்ஜின் உறிஞ்சும் காற்றோடு கலந்துவிடுகிறார்கள. அந்த ஆவி சூடான இன்டேக் வால்வின் பின்புறத்தில் பட்டுக் காய்ந்து படிகிறது. தோசைக்கல்லின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நாளடைவில் கருகி, கரண்டியால் சுரண்டினாலும் வராமல் இறுகிப்போகுமே, அதே கதைதான்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓடிய காலத்தில் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது மெக்கானிக்குகளுக்கு வழக்கமான வேலை. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது; ஈயம் கலந்த பெட்ரோலும் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது; ஆயிலின் தரமும் உயர்ந்தது. ஆகவே அந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பழைய அனுபவத்தின் பெயரால் புதிய வண்டிக்கும் அதே வைத்தியத்தைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் என்ஜினில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால் இருந்துகொண்டு பெட்ரோலை வால்வின் பின்புறத்தின் மீதே தெளிக்கிறது. பெட்ரோலிலேயே கழுவும் பொருள் கலந்திருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வால்வு கழுவப்படுகிறது. நம் சாலைகளில் ஓடும் சாதாரணச் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மற்ற வகையில், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. டி.எஸ்.ஐ., ஜி.டி.ஐ. என்று பெயர் தாங்கி வரும் டர்போ என்ஜின்கள் இதில் சேரும். இவற்றில் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. ஆயில் ஆவி மட்டும் வந்து படிந்துகொண்டே இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்தைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெட்ரோலோடு கலந்த மருந்து பெட்ரோல் போகும் இடத்துக்குத்தான் போகும். முதல் வகை என்ஜினில் இன்ஜெக்டர், வால்வு இரண்டையும் அது தொடும். இரண்டாம் வகையில் இன்ஜெக்டரையும் சிலிண்டரின் உட்பகுதியையும் தொடுமே தவிர, வால்வின் பின்புறத்தில் உள்ள கரியை ஒரு துளிகூட அசைக்காது. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் இதேதான். வாங்குவதானால் பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று பாட்டிலில் பாருங்கள். சிலிண்டருக்குள் உள்ள வெப்பத்தையும் தாங்கி வேலை செய்யும் பொருள் அது. எத்தனை லிட்டருக்கு ஒரு பாட்டில் என்று அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். கரைந்த கழிவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும் என்பதால், ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பு இதைச் செய்வது நல்லது.

அடுத்தது, என்ஜின் ஓடும்போதே காற்றுக் குழாய் வழியாக அடிக்கும் ஸ்பிரே. த்ராட்டில் பாடியில் படிந்த பிசுக்குக்கு இது நன்றாகவே கேட்கும். வால்வில் மெலிதாகப் படிந்ததும் ஓரளவு இளகும். ஆனால் இறுகிப்போன கரிக்கு இது போதாது. அதோடு மூன்று ஆபத்துகள் உண்டு. காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் அடித்தால் சென்சார் கெடும். ஒரேயடியாக அதிகம் அடித்தால் திரவம் சிலிண்டரில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டர்போ உள்ள வண்டியில் பெயர்ந்த கரிக்கட்டி, வேகமாகச் சுழலும் டர்பைன் இறக்கையில் போய் அடிக்கலாம். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜினில் கரி கெட்டியாகிவிட்டால், இன்டேக் குழாயைக் கழற்றி, வால்வை மூடிவைத்து, அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் சரியான வழி.

டீசல் வண்டிக்காரர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் என்ஜினுக்கான ஸ்பிரேயை டீசல் என்ஜினின் காற்றுக் குழாயில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை, அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். உள்ளே போகும் ஸ்பிரே கண்ட நேரத்தில் வெடித்து என்ஜினைச் சேதப்படுத்தும். டீசலில் கரி அதிகம் சேருவது ஈ.ஜி.ஆர். வால்விலும் அதன் குழாய்களிலும்தான். அதைக் கழற்றி வெளியே வைத்துச் சுத்தம் செய்வதே பாதுகாப்பு.

செலவை மிச்சம் பிடிக்க வீட்டுப் பொருளைக் கொண்டு முயல்கிறவர்களும் உண்டு. காஸ்டிக் சோடா கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அருமையாகக் கரைக்கும் என்பது உண்மை. பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியம். அதையும் சேர்த்துத் தின்றுவிடும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் அலுமினியத்தை விட்டுவைக்காது.

மைலேஜ் குறைந்தால் உடனே கரி என்று முடிவு கட்ட வேண்டாம். டயரில் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவை சரியாக இருந்தும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் நடுங்கினாலோ, நல்ல பெட்ரோல் போட்டும் மேட்டில் ஏறும்போது கடகடவென்று தட்டினாலோ கரியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சர்வீஸ் நிலையத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன மருந்து, எந்த வழியாகப் போகிறது? வண்டியோடு வந்த கையேட்டில் இது சொல்லப்பட்டிருக்கிறதா? ஸ்பார்க் பிளக் துளை வழியாகவோ இன்டேக் வழியாகவோ குழாய்க் கேமராவை விட்டு, செய்வதற்கு முன்னும் பின்னும் காட்டுவீர்களா? பழைய பிளக்கைக் கையில் காட்டத் தயங்காத மெக்கானிக் கேமராவுக்கும் தயங்க மாட்டார். "எல்லோரும் செய்கிறார்கள் பாய்" என்பது மட்டும்தான் பதிலென்றால், அந்த வரியை பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

கரி சேர்வதைக் குறைக்க நம் கையிலும் சில இருக்கின்றன. இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்கெல்லாம் கார் எடுத்தால் என்ஜின் சூடேறுவதற்குள் அணைந்துவிடும். எரியாத மிச்சம் அதிகம் தங்கும். பள்ளி வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிறுத்தி வைப்பதும் அப்படித்தான். சரியான ரக ஆயிலை உரிய காலத்தில் மாற்றினால், பாட்டில் மருந்துக்கான தேவை பெரும்பாலும் வராது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மருந்துகளில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் உள்ளன. கதவடைத்த ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டுச் செய்தால் ஸ்பிரேயின் ஆவியோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து மயக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் குடித்தால் நேர்வது போல, வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள், மருந்தின் டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.