விடைத்த காது: கட்டுவதா, தைப்பதா, விட்டுவிடுவதா?

தலையின் பக்கவாட்டில் படிந்து நில்லாமல் வெளிநோக்கி விரிந்து நிற்கும் காது மடல் விடைத்த காது எனப்படுகிறது; ஊர்வழக்கில் முறக்காது, யானைக்காது என்னும் கேலிப்பெயர்களும் அதற்கு உண்டு. இயல்பான மடல் தலையோடு ஏறத்தாழ 20 முதல் 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்க, அதன் ஓரம் மண்டையிலிருந்து 1.5 முதல் 2 சென்டிமீட்டர் வரை விலகி நிற்கும்; கோணம் 40 பாகையைக் கடந்து, விலகலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டும்போது அது பார்ப்பவர் கண்ணில் தனித்துப் படத் தொடங்குகிறது. இது நோயன்று, கேட்கும் திறனை இது குறைப்பதும் இல்லை, பெரும்பாலும் தாய்வழியிலோ தந்தைவழியிலோ தலைமுறை தாண்டி வரும் சாயலே இது. ஆகவே சிகிச்சை பற்றிய கேள்வி இங்கே உடல்நலக் கேள்வியாக எழுவதில்லை. குழந்தை தன் முகத்தை எவ்வாறு ஏற்கிறது, பிறர் அதை எவ்வாறு நடத்துகின்றனர் என்ற கேள்வியாகவே எழுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாத பெற்றோர் பொறுத்திருக்கலாம் என்ற கட்டத்தில் அவசரப்படுவதும், உண்மையிலேயே நாள்களை எண்ணவேண்டிய கட்டத்தில் காலத்தைக் கைவிடுவதும் உண்டு.

மடலின் பகுதிகளுள் மூன்றின் பெயர் தெரிந்திருந்தால் பின்வரும் ஒப்பீடு எளிதாகும். ஓரமாகச் சுருண்டு ஓடும் வரம்பு வெளிவிளிம்பு. அதற்குச் சற்று உள்ளே எழுந்து, மேற்புறம் இரு கிளையாகப் பிரியும் மேடு உள்மடிப்பு. காதுத் துளையைச் சூழ்ந்திருக்கும் பள்ளம் காதுக்கிண்ணம். இவற்றுக்கெல்லாம் உருவம் தருவது வளைந்து மீளும் இயல்புடைய குருத்தெலும்பு. தோடு குத்தும் சோணையில் மட்டும் அதுவும் இல்லாமல் தோலும் கொழுப்பும் மட்டுமே உள்ளன. காது விடைப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: உள்மடிப்பு சரியாக மடியாமல் மடலின் மேற்பகுதி தட்டையாக விரிந்துவிடுவது ஒன்று, காதுக்கிண்ணம் அளவுக்கு மீறி ஆழமாக இருந்து மடல் முழுவதையும் வெளியே தள்ளுவது மற்றொன்று, இரண்டும் சேர்ந்திருக்கும் காதுகளும் பல. மடலின் மேல்விளிம்பை விரலால் மெல்லத் தலைப்பக்கம் அழுத்தும்போது உள்மடிப்பு தானாக உருவாகிக் காது இயல்பாகத் தோன்றினால் குறை மடிப்பில் இருக்கிறது என்றும், அழுத்திய பின்னும் நடுப்பகுதி புடைத்தே நின்றால் குறை கிண்ணத்தில் இருக்கிறது என்றும் ஓரளவு ஊகிக்கலாம். எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தப் பகுதி காதைத் தள்ளுகிறது என்று கேட்பதே முறை. இந்த வரிசையை மாற்றிக் கேட்பவருக்குக் கிடைக்கும் விடை, மருத்துவர் எதில் பழகியவரோ அதுவாகவே இருந்துவிடக்கூடும்.

முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: பிறந்த சில வாரங்களுக்குள் அச்சு வைத்துக் கட்டுதல், பிற்காலத்தில் அறுவை செய்தல், எதுவும் செய்யாமல் விடுதல். இவற்றுள் எது திறந்திருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்வது குழந்தையின் வயதுதான்.

அச்சு வைத்துக் கட்டும் முறை பெற்றோர் பலருக்குத் தெரியாதது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வந்து சேர்ந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பிறந்த குழந்தையின் உடலில் முதல் நாள்களில் மிகுந்திருக்கிறது. அது குருத்தெலும்பில் ஹயலூரானிக் அமிலம் என்னும் ஈரம் தாங்கும் பொருளைப் பெருக்கி, மடலை மெழுகுபோல் இளக்கி வைத்திருப்பதாகக் கருதப்படுகிறது. சுமார் 6 வாரங்களுக்குள் அந்த ஹார்மோன் அளவு இறங்க, மடலின் இளக்கமும் போய்விடுகிறது. ஜப்பானிய மருத்துவர் கியோஷி மட்சுவோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, இந்த இளக்கத்தைப் பயன்படுத்திக் கத்தியின்றியே காதைத் திருத்தும் வழி உலகெங்கும் பரவியது. மெல்லிய சிலிக்கோன் குழாய்க்குள் கம்பி வைத்து வளைத்த அச்சோ, காதைச் சுற்றி ஒட்டப்படும் ஆயத்தக் கூடோ இதற்குப் பயன்படுகிறது. அது இரவும் பகலும் அகற்றப்படாமல் 2 முதல் 6 வாரங்கள் வரை இருக்கவேண்டும், தாமதமாகத் தொடங்கினால் அதற்கும் மேலாக. மயக்க மருந்து இல்லை, தழும்பு இல்லை. தோல் சிவத்தல், அழுத்திய இடத்தில் சிறு புண் ஆகியவையே பொதுவான தொல்லைகள், அவையும் வியர்வை மிகுந்த பருவத்தில் அடிக்கடி பார்த்துக்கொண்டால் தவிர்க்கத்தக்கவை.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. பிறக்கும்போது கசங்கித் தோன்றும் காதுகளில் ஒரு பகுதி முதல் வாரத்திலேயே தானாகச் சீராகிவிடுவதால், சில நாள் பார்த்திருந்து தொடங்குவதே வழக்கம். ஆனால் அந்தச் சில நாள் சில மாதமாகிவிட்டால் வாய்ப்பு கைநழுவுகிறது. மேலும், விடைத்த காது எப்போதும் பிறப்பிலேயே தெரிவதில்லை. முதல் சில மாதங்களில் மெல்ல வெளிப்படுவதும் உண்டு, அத்தகைய காதுக்கு அச்சு முறை பெரும்பாலும் எட்டாது. தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சிக்கலுக்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் சடங்கு பெரும்பாலும் முதல் ஆண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ நடப்பதால், மயிர் நீங்கிய தலையில் காது விடைத்திருப்பதை உறவினர் கூடி நின்று கவனிப்பதும் அன்றுதான். அச்சு வைக்கும் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருக்கும். எண்ணெய்க் குளியலின்போது மூக்கையும் தலையையும் காதையும் நீவி உருவம் கொடுக்க முனையும் பாட்டிமார், காலத்தைத் தேர்ந்த அளவில் தவறவில்லை. ஆனால் நாளுக்குச் சில நிமிடம் நீவுவதால் மடல் மாறுவதில்லை, விடாமல் பிடித்துவைக்கும் விசையே அதை மாற்றுகிறது. இதன் மறுபக்கமாக, வளர்ந்த குழந்தைகளுக்கென்று விற்கப்படும் ஒட்டுப்பட்டைகள் ஒட்டியிருக்கும் வரை காதைப் படியவைக்குமேயன்றி, இறுகிவிட்ட குருத்தெலும்பை நிலையாகத் திருத்துவதில்லை. அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண்.

அந்த வாய்ப்பு கடந்துவிட்ட குழந்தைக்கு எஞ்சியிருப்பவை அறுவையும் காத்திருத்தலும். காது மடல் 3 வயதுக்குள் முதிர்ந்த அளவில் சுமார் 85 விழுக்காட்டை எட்டிவிடுவதாலும், பள்ளிக் கேலி வேரூன்றும் முன் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தாலும், 5 அல்லது 6 வயதே அறுவைக்கு உரிய வயது என்று நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. குருத்தெலும்பு அப்போதும் ஓரளவு மென்மையாக இருக்கும் என்பது இந்த வயதுக்கு உள்ள உண்மையான சாதகம். அதற்கு முன்னரே செய்வதில் பயன் குறைவு. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ கொடுக்கப்படும் மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்ததும் நினைவில் கொள்ளத்தக்கது, காதறுவை பொதுவாக அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் என்றாலும். 5 வயதுக்குப் பிறகோ, பெற்றோர் விரும்புவதும் குழந்தை விரும்புவதும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. தன் காதைப் பற்றி ஒருமுறைகூடக் குறைசொல்லாத ஆறு வயதுச் சிறுமியை, பிற்காலத்தில் திருமணப் பேச்சில் யாராவது ஏதாவது சொல்லக்கூடும் என்ற அச்சத்தால் அறுவை மேசைக்குக் கொண்டுசெல்வது சிகிச்சையாகாது. அதே சிறுமி ரெட்டைச் சடை பின்னிக்கொள்ள மறுத்து அழுதாலோ, ஒரு சிறுவன் முடிவெட்டும் கடைக்குப் போவதையே தவிர்த்தாலோ, கேட்காமலே அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கொள்ளலாம். காத்திருப்பதால் கதவு மூடப்படுவதில்லை; பதின்வயதிலும் அதற்குப் பின்னும் இந்த அறுவையைச் செய்துகொள்ள முடியும், அப்போது முழு மயக்கமின்றி அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடிக்கவும் இயலும். இழப்பாகக் கூறத்தக்கது குருத்தெலும்பு தடித்து இறுகியிருப்பது மட்டுமே, அது முறையின் தேர்வை மாற்றுகிறது.

முறைகளின் வரலாறு அவற்றின் குணத்தையும் சொல்லிவிடுவதால் அதைச் சற்றுத் தொடர்வது பயனுடையது. காதறுவை என்றவுடன் சுஸ்ருதரின் பெயரைச் சொல்லும் வழக்கம் இருப்பினும், அவர் பெயரால் வழங்கும் நூல் கூறுவது கிழிந்த சோணையை ஒட்டும் 15 வகைகளை; விடைத்த காதைப் படியவைப்பது அதனின் வேறான பணி. அதை அழகுக்காகவே செய்த முதல் அறுவையாகக் கருதப்படுவது, நியூயார்க்கில் எட்வர்ட் ஈலி 1881இல் ஒரு சிறுவனுக்குச் செய்தது. அவர் காதின் பின்புறத்திலிருந்து தோலையும் குருத்தெலும்பையும் வெட்டி எடுத்தார். குறை உண்மையில் மடியாத உள்மடிப்பில் இருக்கிறது என்பதை 1910இல் வில்லியம் லக்கெட் எடுத்துக்காட்டிய பிறகே, வெட்டி எடுப்பதற்குப் பதிலாக மடிப்பை உண்டாக்குவது நோக்கமாயிற்று. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஸ்காட்லாந்தின் மஸ்டார்டே 1963இல் விவரித்த முறையில், காதின் பின்புறம் தோலைத் திறந்து, கரையாத நூலால் குருத்தெலும்பில் சில தையல்கள் போட்டு, அவற்றை இறுக்கி மடிப்பை எழுப்புகின்றனர். அதே ஆண்டில் சுவீடனின் ஸ்டென்ஸ்ட்ராம் விவரித்த முறை வேறு வகையானது: குருத்தெலும்பின் ஒரு பக்கத்தைக் கீறினால் அது கீறாத பக்கம் நோக்கி வளையும் என்று கிப்சனும் டேவிஸும் 1958இல் காட்டிய இயல்பைப் பயன்படுத்தி, மடலின் முன்பக்கக் குருத்தெலும்பை இழைத்து அதைத் தானாகவே பின்னோக்கி வளையச் செய்கின்றனர். ஆழமான கிண்ணத்துக்கு, அதைக் காதின் பின்னுள்ள எலும்பின் உறையோடு சேர்த்துத் தைக்கும் வழியை அமெரிக்காவின் டேவிட் ஃபர்னாஸ் 1968இல் தந்தார்.

இவற்றை எடைபோடும்போது, தையல் முறையின் பெருஞ்சிறப்பு அதை மாற்றிக்கொள்ள முடியும் என்பதுதான்: குருத்தெலும்பு வெட்டப்படாததால் மடிப்பு வழவழப்பாக அமைகிறது, பிடிக்காவிட்டால் அவிழ்க்கவும் இயலும். அதன் குறையும் அதே இடத்திலிருந்தே வருகிறது. நூலின் பிடி தளர்ந்தால் காது ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தும் நூல் தோலைத் துளைத்து வெளியே வரும். கீறும் முறையில் குருத்தெலும்பின் மீள்விசையே குறைக்கப்படுவதால் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் கை சற்றே மிஞ்சினால் கூரிய வரம்புகள் முன்பக்கத்தில் நிலையாகத் தெரியும், அதைச் சீர்செய்வது முதல் அறுவையைவிடக் கடினம். இளங்குழந்தையின் மென்மையான மடலுக்குத் தையலே போதும் என்றும், முதிர்ந்து தடித்த மடலுக்கு அளவாகக் கீறுவதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் கொள்வது நியாயமான நிலை. நடைமுறையில் கைதேர்ந்தவர் பலர் இரண்டையும் கலந்தே செய்கின்றனர். தோலைத் திறக்காமல் ஊசித் துளைகள் வழியாகவே நூலைக் கோத்து இறுக்கும் முறை 1990களில் வந்தது; தழும்பில்லை என்பது கவர்ச்சியாக ஒலித்தாலும், நூலின் பிடியை மட்டுமே அது நம்பியிருப்பதால் மென்மையான, மடிப்புக் குறை மட்டுமே உள்ள காதுக்கே அது பொருந்தும். ஆழமான கிண்ணமுள்ள காதுக்கு அதைப் பரிந்துரைப்பவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கவேண்டும்.

காதின் பின்புறத் தழும்பு பொதுவாக மறைந்திருக்கும். ஆயினும் தழும்பு தன் எல்லையைத் தாண்டி மேடாக வளரும் கீலாய்டு என்னும் நிலை தெற்காசியத் தோலில் வெளிர்நிறத் தோலைவிட மிகுதியாகக் காணப்படுவதால், காது குத்திய இடத்தில் குழந்தைக்கோ பெற்றோருக்கோ உருண்டை எழுந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒரு வாரம் தலையைச் சுற்றிக் கட்டும், அதன்பின் 4 முதல் 6 வாரங்கள் உறங்கும்போது காதை மூடிய பட்டையும் வழக்கம். கால்பந்தும் கபடியும் அதுவரை இல்லை. முதல் இரண்டு நாளில் ஒரு காதில் மட்டும் கடுத்து ஏறும் வலி, தோலுக்கடியில் குருதி கட்டுவதன் அடையாளமாக இருக்கலாம். கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் வலி மாத்திரை கொடுத்துப் பொறுத்திருந்தால் குருத்தெலும்பு சிதைந்து காது சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. செலவைப் பொறுத்தவரை, விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றால் நேரும் சீரமைப்பு தவிர்ந்த அழகு அறுவைகளை இந்திய மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்குகள் வெளியே நிறுத்திவிடுவதால், அது பெரும்பாலும் கைப்பணமாகவே இருக்கும்.

விளைவை எதைக் கொண்டு அளப்பது என்பதையும் அறுவைக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. மெக்டவல் என்பவர் 1968இல் வகுத்த அளவுகோல்கள் இன்றும் புழங்குகின்றன: மடலின் மேல் மூன்றிலொரு பகுதியில் விடைப்பு முழுமையாக நீங்கவேண்டும், முன்னிருந்து பார்க்கையில் வெளிவிளிம்பு உள்மடிப்பைத் தாண்டித் தெரியவேண்டும், தலையிலிருந்து இரு காதுகளும் விலகி நிற்கும் தூரம் எந்த இடத்திலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. இவற்றுள் இரண்டாவது, அதாவது வெளிவிளிம்பு தெரிவது, பெற்றோர் எதிர்பாராதது. காது இன்னும் தலையோடு ஒட்டியிருக்கலாமே என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு, ஆனால் ஒட்ட இழுக்கப்பட்ட காதில் நடுப்பகுதி மட்டும் உள்வாங்கி, மேல்நுனியும் சோணையும் வெளியே நிற்க, பழைய தொலைபேசியின் கைப்பிடிபோன்ற தோற்றம் வந்துவிடுகிறது.