தேதி சொன்ன சேதி

கேள்வி: என் லேப்டாப் 2012-இல் விண்டோஸ் 7 உடன் வாங்கியது. பின்னால் தம்பி மகன் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தான், நன்றாகவே ஓடியது. எட்டு மாதம் பீரோவில் கிடந்ததை இப்போது எடுத்தால், கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வருகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள் கடையில். ஆனால், லினக்ஸ் உள்ள பென் டிரைவைச் செருகியதும் லேப்டாப் எழுந்துகொண்டது. டிஸ்கில் உள்ள பழைய படங்கள்கூடத் திறக்கின்றன! தேதி மட்டும் 2012 ஜனவரி என்று காட்டுகிறது. செத்த டிஸ்கில் படம் எப்படித் தெரியும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தெரியாதுதான். போகிற போக்கில் தேதியைப் பற்றிச் சொன்னீர்களே, வழக்கே அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் டிஸ்கின் மேல் விழுந்த பழி. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்பதைப் பார்த்ததும் டிஸ்குக்குக் கருமாதி நடத்திவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வாசகத்துக்கு அத்தனை பெரிய பொருள் கிடையாது. “நான் தேடிய இடத்தில் தொடக்க நிரல் கிடைக்கவில்லை” என்கிறது, அவ்வளவுதான். தேடிய இடமே தவறாக இருந்தால்?

கணினியை எழுப்பிவிடும் நிரலைத் தேட இரண்டு முறைகள் உண்டு. பழைய முறைக்கு ‘லெகஸி’ என்று பெயர். டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்கிருக்கும் குட்டி நிரலை ஓட்டும். புதியது ‘யூஈஎஃப்ஐ’. இது டிஸ்கில் தனியாக ஒதுக்கிய ஒரு சிறு பகுதிக்குள் போய், அங்கே கோப்பாக இருக்கும் நிரலைத் தேடும். ஒரே வீட்டுக்கு முன்வாசலும் கொல்லைவாசலும் மாதிரி. உங்கள் லேப்டாப் லெகஸி வழக்கத்தோடு விற்பனைக்கு வந்திருக்கும். தம்பி மகன் விண்டோஸ் 10-ஐ யூஈஎஃப்ஐ முறையில் ஏற்றி, பயாஸில் (இயக்க முறைமைக்கு முன்பே விழித்துக்கொள்ளும் அடிப்படை நிரல்) அதற்கேற்ற மாற்றமும் செய்திருப்பார் என்று ஊகிக்கிறேன். இப்போது பயாஸ் பழைய வாசலைத் தட்டிவிட்டு, வீட்டில் ஆளே இல்லை என்கிறது.

சரி, வாசலை மாற்றியது யார்? மதர்போர்டில் உள்ள ஒரு பொட்டு பேட்டரி. பெரும்பாலும் சிஆர் 2032: 20 மி.மீ. அகலம், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவதும், ‘சிமாஸ்’ எனப்படும் சிறு நினைவகத்தில் பயாஸ் அமைப்புகள் அழியாமல் இருப்பதும் இதன் தயவில்தான். 1984-இல் ஐபிஎம்மின் பிசி ஏடி கணினியில் வந்த ஏற்பாடு இது. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தவரை பொட்டு பேட்டரியின் தள்ளாமை வெளியே தெரிந்திருக்காது. பீரோவுக்குள் இரண்டும் வற்றியதும், லேப்டாப் தொழிற்சாலையில் பிறந்த நாளுக்கே திரும்பிவிட்டது. தேதியும் 2012, புத்தியும் 2012.

பென் டிரைவ் மட்டும் எப்படி எழுப்பியது என்பீர்கள். உபுண்டு போன்ற லினக்ஸ்களை எந்தக் கணினியில் செருகுவார்கள் என்று யாருக்கும் தெரியாதல்லவா? அதனால் இரண்டு வாசலும் வைத்தே தயாரிக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. அந்த லினக்ஸ் ஓடும்போதே படங்களை வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிறகு, ஆன் செய்தவுடன் எஃப் 2 விசையைத் தட்டி (சில நிறுவனங்களில் எஃப் 10 அல்லது எஸ்கேப்) பயாஸுக்குள் போய்த் தேதியைத் திருத்துங்கள். ‘பூட் மோட்’ லெகஸியில் இருந்தால் யூஈஎஃப்ஐக்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். பக்கத்திலேயே ‘சாட்டா மோட்’ என்று ஒன்று இருக்கும். பயாஸ் டிஸ்கோடு பேசும் பாஷை அது. அது மாறியிருந்தால் விண்டோஸ் பாதி எழுந்து நீலத் திரையில் விழும். உங்களுக்கு அந்தக் குறி இல்லை என்பதால், இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம்.

பொட்டு பேட்டரியை மாற்றாவிட்டால் இதே கதை திரும்பவும் நடக்கும். லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் இரண்டு வயரும் ஒரு சின்னக் கனெக்டருமாக, பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் வெறும் பேட்டரி அதற்குப் பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். கழற்றும் முன் சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரரையும் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். 2012 டிஸ்குக்கு வயதாகிவிட்டது உண்மை. சந்தேகம் இருந்தால் உபுண்டுவின் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ‘ஸ்மார்ட்’ விவரத்தைப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை வாராவாரம் ஏறினாலோ, உள்ளே டக்டக்கென்று சத்தம் கேட்டாலோ, எஸ்எஸ்டி வாங்கிவிடலாம். 2.5 அங்குல சாட்டா வகை உங்கள் லேப்டாப்பில் உட்காரும். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன் என்றால் எஸ்எஸ்டி 7 மி.மீ.தான் இருக்கும். ஆடாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.