சாக்குப்போக்கு

பாடம் எழுதாவிடில் மழையைக் காரணம் காட்டுகிறோம். சொன்ன சொல் தவறினால் காலத்தைப் பழிக்கிறோம். சேக்கிழாரின் பெரியபுராணம் இதற்கோர் அரிய பாடம் புகட்டுகிறது.

சங்கிலியாரைப் பிரியேன் என ஆணையிட இருந்த சுந்தரர், அவ்வேளையில் கருவறையை நீங்கி மகிழமரத்தடியில் இருக்குமாறு திருவொற்றியூர் இறைவனை வேண்டினார். இறைவன் உணர்த்தியபடி, அம்மரத்தடியிலேயே ஆணை கேட்கப்பட்டது! தந்திரம் பலிக்கவில்லை.

பின்னர்த் திருவாரூரை வழிபடும் வேட்கையால் ஆணையை மீறி ஊரெல்லை கடந்தார்; இரு கண்களும் ஒளியிழந்தன. காரணம் நல்லதே, ஆயினும் பிழை பிழையே. சுந்தரர் தம் பிழையை மறையாது பாடி இரந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

மாணவச் செல்வங்களே! ஜொகூர்த் தோட்டங்களில் வாழும் நாமும், பெரியோர் சிறியோர் அனைவரும், சாக்குச் சொல்லாது பிழையை ஒப்புக்கொண்டு திருந்துவோமாக.