வயர்லெஸ் வாசலில் யார் காவல்?



2008 ஜூலை 26. அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு ஒரு மிரட்டல் ஈமெயில் வந்தது. போலீஸ் தேடிப் போனால், நவி மும்பையில் ஒருவர் வீட்டு இணைப்பு. அவர் வயர்லெஸ்ஸில் வேறு யாரோ நுழைந்து அனுப்பியதாகப் பிறகுதான் தெரிந்தது. முதலில் விசாரணைக்கு உள்ளானவர் இணைப்புக்காரர்தான்!

நான் பகுதிநேரம் போகும் பனியன் கம்பெனி ஆபீசில் பாஸ்வேர்டைக் காலண்டரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். "மேக் முகவரியைப் பதிந்தால் போதும்" என்றார் ஒருவர். போதுமா?

மேக் என்பது கருவியின் 48 பிட் எண். ரூட்டரில் பட்டியல் போட்டால், அதில் உள்ளவை மட்டும் சேரும். ஆனால் இந்த எண் காற்றில் மறைப்பின்றிப் போகிறது. பவர் டேபிள் ஓட்டும் என் அப்பாவுக்கு இப்படி விளக்கினேன்: "வாட்ச்மேன் பேரை மட்டும் கேட்டு உள்ளே விட்டா, முன்னாடி போனவர் பேரையே சொல்லி இன்னொருத்தன் போயிடுவானில்லப்பா?"

சரி, செய்ய வேண்டியவை:

1. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3, நீண்ட பாஸ்வேர்டு.
2. பையர், டிரைவர் போன்றோருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க்.
3. ஆள் அதிகமென்றால் 802.1எக்ஸ் முறை. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ரேடியஸ் சர்வர் சரிபார்க்கும். வேலையை விட்டவர் கணக்கை மட்டும் நீக்கிவிடலாம்.

முதலாளியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மறுநாள் பாஸ்வேர்டை மாற்றி, காலண்டர் தாளையும் கிழித்துவிட்டார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். நண்பர்களே, உங்கள் ஆபீஸ் காலண்டரையும் ஒருமுறை பாருங்கள்!