சுவரோடு கட்டிய தொட்டி

கேள்வி: வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டிய பழைய சிமென்ட் தண்ணீர்த் தொட்டி கசிகிறது. இடித்து எடுத்துவிடலாமா?
– வாசகர், பேத்துப்பாறை

பதில்: எடுக்கலாம், அவசரம் மட்டும் வேண்டாம். மெல்லிய விரிசல்தான் என்றால் உள்பூச்சே போதும். இடிப்பதென்றால் முதலில் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். 1,000 லிட்டர் என்பது ஒரு டன் எடை. பிறகு மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுங்கள். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அதிர்வில் வீட்டுச் சுவரிலும் விரிசல் விழும். அந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறதா என்று கொத்தனாரிடம் முன்பே காட்டிவிடுங்கள். உங்கள் ஊர் மலைப்பகுதி என்பதால், புதிய தொட்டியைச் சரிவின் விளிம்பில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மலைமண் இளகும்.