பனியில் வைத்த துணி

ஏற்காடு
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மாயி எழுதுகிறேன். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள், நிறம் உங்கள் வீட்டு நிறம், மூக்கு மட்டும் மாப்பிள்ளை மூக்கு என்று உன் அம்மா போனில் எல்லாம் சொல்லிவிட்டாள். கடைசியில் போனை உன் கையில் கொடுத்தபோது, "உட்கார முடியுதா கண்ணு?" என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல அம்மாயி" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல. பின்னால் உன் மாமனார் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. அத்தனை பேர் நடுவில் நீ என்னவென்று சொல்வாய்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நீ மட்டும் படி. படித்து முடித்தபிறகு உன் அம்மாவிடம் கொடு. அவளுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே சொல். முதல் பிள்ளையைச் சுகப்பிரசவமாகப் பெறுகிறவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வரைக்கும் பிள்ளை வந்த இடத்தில் சிராய்ப்போ, கிழிசலோ, டாக்டர் போட்ட வெட்டோ இருக்கும். சுகப்பிரசவம் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். வருகிறவர்கள் தொட்டிலைப் பார்க்கிறார்கள், பாப்பா கையில் பணம் வைக்கிறார்கள், போகிறார்கள். தையல் போட்ட உடம்பு ஒன்று பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையில் ஊர் ஊராக நடந்து பிரசவம் ஆன வீடுகளைப் பார்த்தவள் நான். எந்த வீட்டிலும் முதல் கேள்வியாகப் பிள்ளையைப் பற்றிக் கேட்கமாட்டேன். "ஒண்ணுக்குப் போனா எரியுதா?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அழுத பெண்கள் எத்தனையோ பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கேட்டாய், உன் அம்மா தரமாட்டேன் என்றாள், அப்படித்தானே? "பச்சை உடம்பு, குளிர்ச்சி ஆகாது, ஜன்னி கண்டுடும்." அவள் சொன்னது எழுத்து மாறாமல் எனக்குத் தெரியும். அதே வார்த்தையை என் மாமியார் என்னிடம் சொன்னார்.

உன் அம்மா பிறந்தது 1979 டிசம்பரில். உன் தாத்தா அப்போது எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். லைன் வீடு, ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. காபிப் பழம் பறிக்கிற நாள். வெளியே பனி இறங்கினால் எதிர் லைன் தெரியாது. எனக்கு வெட்டுப் போடவில்லை, தானாகக் கிழிந்ததுதான். தையலும் போடவில்லை. வீங்கிப்போய், கால் இரண்டையும் சேர்க்க முடியவில்லை. மாமியார் கதவைச் சாத்தி, அடுப்பை அணையவிடாமல் எரித்து, கம்பளியால் என்னைச் சுற்றி வைத்திருந்தார். அன்பாகத்தான் செய்தார், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சூட்டில் புண் தெறித்தது.

பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டி மேலே மலையாளிப் பழங்குடிகள் ஊரிலிருந்து வருகிறவர். இரண்டாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. காய்ச்சி ஆறின தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, நாலு மடிப்பாக மடித்து, ஒரு தூக்குச் சட்டியில் வைத்து மூடினார். அந்தச் சட்டியை வாசல் திண்ணையில் பனியில் வைத்துவிட்டுப் போனார். விடியற்காலையில் வந்து, என் மாமியார் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அந்தத் துணியை எடுத்து வைத்தார். கண்ணு, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த முதல் குளிர்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாளாகக் கடித்துக்கொண்டிருந்த பல்லை அப்போதுதான் விட்டேன். அப்புறம்தான் உன் அம்மாவைச் சரியாக மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். குளிர்ந்த துணியால் எனக்கு ஜன்னி வரவில்லை. உன் அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை அவளிடம் படித்துக் காட்டு.

ஜன்னி பொய் என்று சொல்லவில்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, பிதற்றி, ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்த பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நம் பாட்டிமார் பயந்தார்கள். பயம் நியாயமானதுதான், பழியைத்தான் குளிர்ச்சியின் மேல் போட்டுவிட்டார்கள். நான் நர்ஸ் படிப்புக்குப் போனபோதுதான் செம்மல்வைஸ் என்ற டாக்டரைப் பற்றித் தெரிந்தது. வியன்னா ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். டாக்டர் படிப்புப் பிள்ளைகள் பார்த்த வார்டில் தாய்மார் நிறையச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவு. பிணத்தை அறுத்துப் படித்த கையோடு அந்தப் பிள்ளைகள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு வா என்று உத்தரவு போட்டார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த சாவு ஒன்று இரண்டாக இறங்கியது. ஆக, ஜன்னி வருவது அழுக்குக் கையிலிருந்தும் அழுக்குத் துணியிலிருந்தும். ஐஸ் வைத்தாலும் வெந்நீர் ஊற்றினாலும் கையும் துணியும் சுத்தமாக இருக்கவேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

இப்போது நீ செய்யவேண்டியது. நாப்கின் புதிதாக ஒன்றைப் பிரித்து விரித்துக்கொள். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஸ்பூனால் நீளவாக்கில் நாலைந்து ஸ்பூன் விடு. சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரம் ஏறினால் போதும். அதன் உறையிலேயே திரும்ப மடித்து, சுத்தமான கவரில் போட்டு, ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வை. மீன், கறி வைக்கிற தட்டில் வைக்காதே. எடுத்ததும் கட்டையாக இருக்கும். இரண்டு மூன்று நிமிஷம் வெளியே விட்டால் வளையும். மேலே மெல்லிய பருத்தித் துணி ஒரு மடிப்புப் போட்டுத்தான் வைக்கவேண்டும். ஐஸ் நேராகத் தோலில் பட்டால் அதுவே சுட்டுவிடும். பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. எடுத்துப் போட்டுவிட்டு உலர்ந்த நாப்கினுக்கு மாறிக்கொள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். வைத்தபடியே தூங்கிவிடாதே. குளிர்ச்சி அதிகமாக வேலை செய்வது முதல் மூன்று நாள்தான். உனக்கு இன்றோடு இரண்டாம் நாள், அதனால்தான் இந்த அவசரம். அதற்குப் பிறகும் வீக்கம் இருந்தால் வைத்துக்கொள், தப்பில்லை. மாப்பிள்ளையைச் செய்யச் சொல். அப்பா ஆனவருக்கு இந்த வேலை தெரிந்திருக்கட்டும்.

மூலிகை கேட்டிருந்தாய். அமெரிக்காவில் விட்ச் ஹேசல் என்ற செடியின் சாற்றை இந்த நாப்கினில் விடுகிறார்கள், நம் ஊரில் அதற்கு என்ன என்று கேட்டாய். அது துவர்ப்புச் சரக்கு. நம் கடுக்காய், மாசிக்காய், ஆவாரம்பட்டை எல்லாம் அதே ஜாதி. துவர்ப்பு தோலைச் சுருக்கும், அதனால் வீக்கம் இறங்கின மாதிரி இருக்கும். ஆனால் என் அனுபவத்தில் வலியைக் குறைப்பது குளிர்ச்சிதான், செடி இல்லை. அதனால் வெறும் தண்ணீரே போதும். சோற்றுக்கற்றாழை வாசலிலேயே இருக்கிறதே என்று மடலைக் கீறித் தடவாதே. மடலை வெட்டினதும் மஞ்சளாக ஒரு பால் வடியும் பார், அது பட்டால் எரியும். மண்ணில் நின்ற செடியைப் பச்சைத் தையலில் வைக்கிற யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. கடை மஞ்சள்தூள், சாம்பல், விளக்கெண்ணெய் எதுவும் தையலுக்குள் போகக்கூடாது. ஒரு ஊரில் பதினெட்டு வயசுப் பெண் ஒருத்திக்கு ஏதோ இலையை அரைத்து அப்பியிருந்தார்கள். ஐந்தாம் நாள் நான் போனபோது வாசற்படியிலேயே சீழ் நாற்றம் அடித்தது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, ஜீப் பிடித்துச் சேலம் கொண்டுபோனோம். பிழைத்தாள். 108 ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தின காலம் அது.

வேப்பிலைத் தண்ணீர் வேறு. அதை நான் தடுக்கமாட்டேன். நாளையிலிருந்து இரண்டு வேளை, ஒரு பெரிய பிடி வேப்பிலையைக் கழுவி நன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழங்கையை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கிற அளவுக்கு ஆறவிடு. தேய்த்துக் கழுவின அகலமான டப்பில் ஊற்றிப் பத்து நிமிஷம் உட்கார். வெதுவெதுப்பில் அங்கே ரத்தம் ஓடும், இறுகின சதை விடும். எழுந்து, துடைக்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடு. டெட்டால், சோப்பு எதுவும் அதில் ஊற்றவேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால் மட்டும் கலந்துகொள்.

லேகியம் சாப்பிடு. சுக்கு, திப்பிலி, பனைவெல்லம் போட்டு நானே கிளறினது. அரசு 2015-இல் தாய்மாருக்குக் கொடுக்கத் தொடங்கின பெட்டகத்தில்கூடச் சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிழவிகளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் லேகியம் வயிற்றுக்கு. தையலுக்கு அது மருந்தில்லை. வலிக்கு டாக்டர் எழுதின பாரசிட்டமாலைப் போடு. பால் கொடுக்கிறவர்கள் போடலாம். வலியைத் தாங்கினால் நல்ல தாய் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தண்ணீர் குடிக்காதே, வயிறு பெருத்துவிடும் என்று சொல்வார்கள். குடி. தாகம் எடுக்கிறபோதெல்லாம் குடி. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், இறுகினால் முக்குவாய், முக்கினால் தையல் இழுக்கும். அந்தப் பயத்திலேயே ஐந்தாறு நாள் வெளிக்குப் போகாமல் அடக்கிவைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது புண்ணைவிடப் பெரிய வேதனை. கீரை, பழம், பூவன் வாழை எல்லாம் சாப்பிடு. போகும்போது சுத்தமான நாப்கினை மடித்துத் தையல்மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொள், பயம் போய்விடும். ஒன்றுக்குப் போகும்போது சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீரை முன்னாலிருந்து ஊற்றிக்கொண்டே போ, எரியாது. கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னாக. நாப்கினை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

ஒவ்வொரு நாளும் வலி முந்தின நாளைவிடக் கொஞ்சம் குறையவேண்டும், அதுதான் கணக்கு. கூடினால் சும்மா இருக்காதே. உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ, தையல் பிரிந்தமாதிரி இருந்தாலோ, ஒருபக்கக் கால் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தால், அல்லது தலை பிளக்கிறமாதிரி வலித்துக் கண் மங்கினால், யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடு. காற்றோ, மலமோ அடக்க முடியவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல். வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைத்தவர்கள் உண்டு. சொன்னால் வைத்தியம் இருக்கிறது. தையல் நூல் தானாகக் கரைந்துவிடும். மூன்று நாலு வாரத்தில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பாய்.

ஆபீஸ் வேலை என்று லேப்டாப்பைத் திறக்காதே. 2017-இலிருந்து 26 வாரம் லீவு சட்டத்தில் இருக்கிறது. எங்கள் லைனில் ஒரு மாதத்துப் பிள்ளையை மரத்தடியில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பழம் பறிக்கப் போனார்கள். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, படுத்திரு.

நானே வந்திருப்பேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாங்காது. காலையில் கீழே காய்கறி எடுக்கப் போகிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பை கொடுத்தனுப்புகிறேன். அதில் என் பழைய வாயில் புடவை ஒன்றைக் கிழித்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுப் பன்னிரண்டு துண்டாக மடித்து வைத்திருக்கிறேன். அது நாப்கின்மேல் போடுகிற துணி; பாப்பாவுக்கு எடுத்துவிடாதே, அவளுக்குத் தனியாக வைத்திருக்கிறேன். லேகியம், நாட்டு வேப்பிலை, தோட்டத்து ஆரஞ்சு பத்து. ஆரஞ்சு குளிர்ச்சி என்று உன் அம்மா எடுத்து வைத்தால், அம்மாயி சாப்பிடச் சொன்னாள் என்று சொல்.

லேகியம் இருக்கிற தூக்குச் சட்டி அந்தத் தூக்குச் சட்டிதான். மருத்துவச்சிப் பாட்டி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, என்னிடமே இருந்துவிட்டது. காலியானதும் கழுவி நீயே வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் பண்ணுகிறேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடு.

உன் அம்மாயி